தோல் ஷாப்புல கேளுங்க தோலைப் பத்தி!

ராணிப்பேட்டையில ஆரம்பிச்சு மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வரைக்கும் எந்த பஸ்ல ஏறி உட்கார்ந்தாலும், பக்கத்து சீட்டுக்காரருக்குத் தோலோட ஏதாவது ஒரு சொந்தம் இருக்கும். ஒருத்தர் தோல் ஷாப்புல டிரம் பார்ப்பார். ஒருத்தங்க ஷூ கம்பெனியில ஸ்டிச்சிங் லைன்ல இருப்பாங்க. இன்னொருத்தர் கெமிக்கல் சப்ளை. செத்த ஆட்டோட தோலை வருஷக்கணக்கா கெடாம வைக்கிறது எப்படின்னு உலகத்துக்கே சொல்லிக் கொடுக்கிற ஏரியா இது. ஆனா உயிரோட இருக்கிற நம்ம மூஞ்சிக்கு வயசு தெரியாம இருக்க என்ன பண்ணணும்னு கேட்டுப் பாருங்க. வீட்டுக்கு ஒரு கிண்ணம், கிண்ணத்துக்கு ஒரு மாவு!

இந்த வாரத்துக்காக ஒரு நோட்டோட கிளம்பினேன். ஹாஸ்டல் பசங்க, கிளாஸ் பொண்ணுங்க, சித்தி, அத்தை, ஷூ கம்பெனி வேனுக்கு நிக்கிற அக்காங்கன்னு சிக்கின எல்லார்கிட்டயும் ஒரே கேள்விதான். "சுருக்கம் விழாம இருக்க வீட்டுல என்ன பூசுறீங்க?" எலுமிச்சை, தயிர், முட்டை வெள்ளைக்கரு, பப்பாளி, ஆவாரம்பூ, கஸ்தூரி மஞ்சள், கடலைமாவு, கற்றாழை, தேங்காய் எண்ணெய்னு நோட்டு ரெண்டு பக்கம் ரொம்பிடுச்சு. (பசங்க யாரும் எதுவும் பூசுறதில்லையாம். ஹாஸ்டல் பாத்ரூம்ல முல்தானி மிட்டி பாக்கெட் மட்டும் தானா நடந்து வந்து உட்கார்ந்திருக்கு. நம்பிட்டோம் பாஸ்!)

20 வயசுல சுருக்கத்தைப் பத்தி என்ன பேச்சுன்னு சிரிக்காதீங்க. தோலைத் தாங்கிப் பிடிக்கிற கொலாஜன்ங்கிற புரதம், நாம வளர்ந்து முடிச்ச பிறகு வருஷத்துக்குச் சுமார் 1 சதவீதம்னு குறைஞ்சுக்கிட்டே போகுது. பூசுற பழக்கம் எல்லாம் இந்த வயசுலதான் ஒட்டிக்குது. அம்மாவுக்கு, அக்காவுக்கு "இதைப் போடும்மா"ன்னு ஐடியா சொல்ற ஆளும் பெரும்பாலும் நாமதான்.

சரி, யார்கிட்ட கேக்கலாம்? பியூட்டி பார்லரை விட்டுட்டு நேரா எங்க மாமாகிட்ட போனேன். ஒரு தோல் ஷாப்புல, சுண்ணாம்புத் தொட்டி பக்கம் இருபது வருஷமா சூப்பர்வைசர். லிஸ்டைப் படிச்சுக் காட்டினேன். மனுஷன் கடைசி வரைக்கும் கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இதெல்லாம் எங்க போய் வேலை செய்யணும்னு பூசறாங்க?"

"உள்ள இருக்கிற கொலாஜன்ல மாமா."

"அப்போ மேல் தோலு இன்னாத்துக்கு இருக்குது? வழி விடவா? ஒண்ணும் உள்ள போகாம இருக்கத்தாண்டா அது இருக்குது. உள்ள இறங்கணும்னா சுண்ணாம்புல போட்டு அதை உரிக்கணும். உன் மூஞ்சியைப் போடலாமா?"

வேணாம் மாமா. ஆனா மேட்டர் அங்கதான் இருக்கு.

நம்ம தோலுக்கு முக்கியமா ரெண்டு அடுக்கு. மேல இருக்கிறது எபிடெர்மிஸ், மேல்தோல். முகத்துல அது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்குதான். அதோட உச்சியில செத்த செல்களால ஆன ஒரு படலம். மனுஷன் தண்ணியில விழுந்தா உப்பு மாதிரி கரைஞ்சு போகாம இருக்கிறதும், வெயில்ல நின்னா அப்பளம் மாதிரி காய்ஞ்சு போகாம இருக்கிறதும் அந்தப் படலத்தோட புண்ணியம். அதுக்குக் கீழ டெர்மிஸ். கொலாஜன் நார் எல்லாம் பாய் பின்னின மாதிரி கிடக்கிறது அங்கதான். சுருக்கம்னு நாம சொல்றது பெரும்பாலும் இந்தக் கீழ்வீட்டுல நடக்கிற சேதம்.

இப்போ தோல் ஷாப்புக்கு வாங்க. உப்புப் போட்ட தோல் வந்ததும் ஊறப் போடுறாங்க. அடுத்து சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும். அதுல முடியும் மேல்தோலும் கழண்டு வந்துடும். கீழ்ப்பக்கம் ஒட்டியிருக்கிற சதையை வழிச்சுத் தள்ளிடுவாங்க. மிச்சம் நிக்கிறது டெர்மிஸ் மட்டும்தான். நீங்க போட்டிருக்கிற பெல்ட், ஷூ, பர்ஸ் எல்லாமே அதுதான். அதாவது, நாம ஞாயித்துக்கிழமை காலையில உட்கார்ந்து கடலைமாவு அப்புற அந்த அடுக்கு, நம்ம ஊர்த் தொழில்ல ஆரம்பத்துலயே கழிவாப் போற சமாசாரம். அது போன பிறகும் வேலை சுலபம் இல்ல. சுண்ணாம்பை எடுக்கணும், உப்பும் அமிலமும் கலந்த பிக்கிள்ல போடணும், அப்புறம் குரோமியம் உப்பைப் போட்டு டிரம்ல மணிக்கணக்குல உருட்டணும். அப்போதான் மருந்து நடு வரைக்கும் இறங்கும். வெட்டிப் பார்த்து, நடுவுல நிறம் ஏறியிருக்கான்னு செக் பண்ணுவாங்க. இவ்வளவு பாடு பட்டு உள்ள அனுப்புற விஷயத்தை, இருபது நிமிஷம் அப்பிட்டு ஃபேன் காத்துல காயவெச்சு அனுப்பிடலாம்னு நாம நம்புறோம்!

இதுக்கு ஒரு கணக்கும் இருக்கு. 2000ல போஸ், மெய்னார்டின்னு ரெண்டு தோல் விஞ்ஞானிங்க ஒரு விதி சொன்னாங்க. மூலக்கூறோட எடை 500 டால்டனுக்கு மேல போனா, முழுசா இருக்கிற தோலைத் தாண்டி உள்ள போறது ரொம்பக் கஷ்டம். தண்ணி 18 டால்டன். கொலாஜன் மூலக்கூறு ஒண்ணு ஏறக்குறைய 3 லட்சம் டால்டன். வாசல் அளவைப் போல 600 மடங்கு! 'கொலாஜன் க்ரீம்'னு விக்கிறதெல்லாம் மேல உட்கார்ந்து ஈரத்தைப் பிடிச்சு வைக்கும். அது நல்ல வேலைதான். ஆனா டப்பாவுல போட்டிருக்கிற வேலை அது இல்ல.

கொலாஜன்னு சொன்னதும் ஏதோ பாரிஸ் சமாசாரம்னு நினைக்காதீங்க. அதோட உருவத்தைக் கண்டுபிடிச்சது நம்ம சென்னையில. 1950கள்ல மெட்ராஸ் யுனிவர்சிட்டி இயற்பியல் துறையில ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் எக்ஸ்-ரே படம் எடுத்துத் தேடினாங்க. அதுக்குச் சுத்தமான கொலாஜன் வேணும். கங்காரு வால்ல இருக்கிற தசைநாண் கிடைச்சது. யார் மூலமா? அடையாறுல இருக்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், நாம சொல்ற சிஎல்ஆர்ஐ! மூணு சங்கிலி ஒண்ணோட ஒண்ணு முறுக்கிக்கிட்டு நிக்கிற அமைப்புன்னு 1954லயும் 1955லயும் 'நேச்சர்' பத்திரிகையில எழுதினாங்க. சிஎல்ஆர்ஐ ஆடிட்டோரியத்துக்குப் பேரே 'டிரிப்பிள் ஹெலிக்ஸ்'. நம்ம ஊர்ல இருந்து லெதர் டெக்னாலஜி படிக்கப் போற பசங்க செமினார்ல தூங்குற இடம் அதுதான்.

இனி நோட்டைப் பிரிப்போம்.

முதல்ல ஆவாரம்பூ. ஏன்னா இது நம்ம தொழிலுக்கே சொந்தக்காரி. குரோமியம் வர்றதுக்கு முன்னாடி இந்தப் பக்கம் தோல் பதனிட்டது ஆவாரம்பட்டையிலயும் கடுக்காயிலயும்தான். 'ஈஸ்ட் இந்தியா' லெதர்னு கப்பல் ஏறிப் போன சரக்கு அப்படித் தயாரானதுதான். பட்டையில இருக்கிற டானின், கொலாஜனைப் பிடிச்சு இறுக்கிடும். கடுக்காயை நாக்குல வெச்சா ஒரு துவர்ப்பு வந்து வாய் சுருங்குதே, அது டானின் நம்ம எச்சில்ல இருக்கிற புரதத்தைப் பிடிக்கிற வேலை. இதை வெச்சுத்தான் "ஆவாரம் போட்டா ஆட்டுத்தோலே இறுகுது, நம்ம முகம் இறுகாதா?"ன்னு ஒரு லாஜிக். கேக்க சூப்பரா இருக்கு! ஆனா ஆட்டுத்தோலுக்கு மேல்தோல் இல்ல, நமக்கு இருக்கு. டானின் மேல இருக்கிற செத்த படலத்தோட நின்னுடும். கொஞ்ச நேரம் இழுத்த மாதிரி இருக்கும், கழுவினா போச்சு. குளியல் பொடியில ஆவாரம்பூ சேர்க்கிறதுல ஒரு தப்பும் இல்ல. அழுக்கு போகும், வாசனையா இருக்கும். சுருக்கம் போகாது.

அதோட, இறுகுறது நல்லதுன்னு யார் சொன்னது? ஜோகன் ப்யோர்க்ஸ்டன்னு ஒரு வேதியியல்காரர். ஜெலட்டின் எப்படி இறுகிக் கெட்டியாகுதுன்னு பார்த்துக்கிட்டு இருந்தவர், 1942ல ஒரு ஐடியாவை எடுத்து விட்டார். மனுஷனுக்கு வயசாகுறதே ஒருவிதத்துல பதனிடுற மாதிரிதான், புரதங்களுக்கு நடுவுல வேண்டாத முடிச்சு விழுந்துக்கிட்டே போகுதுன்னு. முதுமைக்கு முழுக் காரணம் அது இல்லன்னாலும், அந்த முடிச்சு விஷயம் நிஜம். ரத்தத்துல இருக்கிற சர்க்கரை கூட கொலாஜன்ல போய் அந்த மாதிரி ஒட்டிக்குது. வயசான தோல் விறைக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணம். கன்னுக்குட்டித் தோல் ஏன் மெத்துன்னு இருக்கு, கிழட்டு மாட்டுத் தோல் ஏன் அப்படி இல்லன்னு தோல் மண்டியில கேட்டா கையால தடவியே சொல்லிடுவாங்க.

முட்டை வெள்ளைக்கரு? காயும்போது புரதம் ஒரு படலமா சுருங்கும், அதோட சேர்ந்து தோல் கொஞ்சம் இழுபடும். போட்டோ எடுக்கிற வரைக்கும் தாங்கும், சிரிச்சா வெடிக்கும். அந்த முட்டையை ஆம்லெட் போட்டுச் சாப்பிடுறது எவ்வளவோ மேல்.

பப்பாளிக்கு வருவோம். தோல் ஷாப்புல 'பேட்டிங்'னு ஒரு ஸ்டேஜ் இருக்கு (கிரிக்கெட் இல்ல மச்சி!). புரதத்தைக் கரைக்கிற என்சைமைப் போட்டு தோலை மிருதுவாக்குறது. பழைய காலத்துல அதுக்கு என்ன யூஸ் பண்ணினாங்க தெரியுமா? நாய்க் கழிவும் புறா எச்சமும்! 1907ல ஜெர்மனியில ஓட்டோ ரோம்ங்கிறவர் விலங்கோட கணையத்துல இருந்து எடுத்த என்சைமை வெச்சு அந்த நாத்தத்துக்கு முடிவு கட்டினார். பப்பாளியில இருக்கிற பப்பெய்னும் அதே ஜாதிதான். மட்டன் சீக்கிரம் வேக பப்பாளிக்காய் போடுறோமே, அந்தச் சங்கதி. அதோட எடை 23 ஆயிரம் டால்டன். அதனால உள்ள இறங்காது. ஆனா மேல இருக்கிற காவல் சுவரையே அரிக்கப் பார்க்கும். பழுத்த பப்பாளி பரவால்ல, காயோட பால் பட்டா சிலருக்கு எரியும், தடிக்கும். ஒரு அத்தை "எரிஞ்சாதான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்"னாங்க. எரிஞ்சா எரியுதுன்னுதான் அத்தை அர்த்தம்!

மஞ்சளை அவ்வளவு சீக்கிரம் திட்டிட முடியாது. அதுல இருக்கிற குர்குமின் 368 டால்டன், அதாவது வாசல்ல நுழையுற சைஸ். பரிசோதனைக் கூடத்துல வீக்கத்தைக் குறைக்கிற குணமும் காட்டுது. சிக்கல் என்னன்னா தண்ணியில கரையாது, வெளிச்சம் பட்டா சிதைஞ்சிடும். கிண்ணத்துல குழைச்சதுல எவ்வளவு வேலைக்கு ஆகும்னு நீங்களே யோசிங்க. இன்னொண்ணு, மஞ்சள் பளிச்சுன்னு தெரியணும்னு லெட் குரோமேட் கலக்குற அயோக்கியத்தனம் உண்டு. அது ஈயமும் விஷத்தன்மையுள்ள குரோமியமும் சேர்ந்தது. நம்ம ஏரியாவுக்கு குரோமியம் பத்தி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்ல. மஞ்சளைக் கிழங்கா வாங்கி அரைங்க. கடலைமாவு, பயத்தமாவு, முல்தானி மிட்டி மூணும் எண்ணெயை உறிஞ்சி அழுக்கை எடுக்கிற ஆளுங்க. வறண்ட தோலுக்கு அடிக்கடி போட்டா இன்னும் வறண்டு, இருக்கிற கோடு நல்லாவே தெரியும்.

இனி எலுமிச்சை. இதுலதான் எனக்குக் கோபம்.

ஷூ கம்பெனியில அப்பர் தைக்கிற ஒரு அக்கா. வயசு முப்பத்தெட்டு. தங்கச்சி கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை, எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் கலந்து முகத்துல தேய்ச்சிருக்காங்க. லேசாக் கழுவிட்டு பத்திரிகை வைக்க வெயில்ல கிளம்பிட்டாங்க. அன்னிக்கு ஒண்ணும் ஆகல. ரெண்டாம் நாள் கன்னம் சிவந்து எரிச்சல். அப்புறம் சாறு வழிஞ்ச கோட்டுலயே, கன்னத்துல இருந்து கழுத்து வரைக்கும் காபி ஊத்தின மாதிரி கறுப்புத் தடம். கல்யாண ஆல்பத்துல அக்கா எல்லா போட்டோவுலயும் ஒரு பக்கமா திரும்பித்தான் நிக்கிறாங்க. "வயசு தெரியக் கூடாதுன்னு போட்டேன் தம்பி. இப்போ லைன்ல எல்லாரும் மூஞ்சில இன்னா ஆச்சுன்னுதான் கேக்கறாங்க"ன்னு சொன்னாங்க. தடம் மங்க மூணு மாசத்துக்கு மேல ஆச்சு.

இது அக்காவோட ராசி இல்ல, கெமிஸ்ட்ரி. எலுமிச்சையில ஃப்யூரோகூமரின்னு ஒரு வகைப் பொருள் இருக்கு. தோல்ல இருக்கும்போது வெயில்ல இருக்கிற யுவிஏ கதிர் பட்டா அது தோல் செல்களைச் சுட்டுடும். உடனே தெரியாது, ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சுத்தான் வெளிய வரும். சில பேருக்குக் கொப்புளமே வரும். கறுப்பு மாசக்கணக்குல நிக்கும். வெளிநாட்டுக் கடற்கரைகள்ல எலுமிச்சை பிழிஞ்சு மார்கரிட்டா கலக்குறவங்க கையில இது வர்றதால, 'மார்கரிட்டா டெர்மடைட்டிஸ்'னே ஒரு செல்லப் பேரு. நம்ம ஊர் சின்ன எலுமிச்சை இருக்கே, அது இந்த வேலையில கில்லாடி. வேலூர் வெயிலும் கூட்டு சேர்ந்தா கேக்கணுமா?

"வைட்டமின் சி இருக்கே"ன்னு ஒரு குரல் கேக்குது. இருக்கு. 100 மில்லி எலுமிச்சைச் சாறுல ஏறக்குறைய 50 மில்லிகிராம், அதாவது 0.05 சதவீதம். தோலுக்குன்னு சோதிச்சுப் பார்த்த வைட்டமின் சி சீரம்ல 10 முதல் 20 சதவீதம். குறைஞ்சது 200 மடங்கு வித்தியாசம்! புளிப்பு மட்டும் குறைவில்லாம கிடைக்கும். எலுமிச்சையோட பி.ஹெச். 2க்குக் கொஞ்சம் மேல, தோல் மேற்பரப்பு சுமார் 5. ஒரு புள்ளிக்கு 10 மடங்குன்னா, அமிலத்தன்மையில வித்தியாசம் நூத்துக்கணக்குல. இதை ஈடுகட்டுறேன்னு சமையல் சோடா கலந்தா அது 8க்கு மேல. ஒரு அடி இந்தப் பக்கம், ஒரு அடி அந்தப் பக்கம்.

இதுல பெரிய காமெடி என்னன்னா, நம்ம நிறத்துத் தோல்ல மெலனின் இருக்கிறதால கோடு விழுறது வெள்ளைக்காரங்களைவிட லேட்டாத்தான். நமக்கு வயசை முதல்ல காட்டிக் கொடுக்கிறது திட்டுத் திட்டான கறுப்பு. எலுமிச்சை கொண்டுவந்து வைக்கிறதும் அதேதான்.

புளிப்புலயே மானமுள்ள ஆள் தயிர். அதுல ஏறக்குறைய 1 சதவீதம் லாக்டிக் ஆசிட் இருக்கு. இதே அமிலம் 5 முதல் 12 சதவீதம் வரைக்கும் இருக்கிற லோஷன்கள் சொரசொரப்பையும் லேசான கோட்டையும் குறைக்கிறதை ஆய்வுல பார்த்திருக்காங்க. தயிர் அந்த வீட்டுக்குத் தூரத்துச் சொந்தம். மேல இருக்கிற செத்த செல் கொஞ்சம் கழண்டு பளிச்சுன்னு இருக்கும். எரியலைன்னா தாராளமா போடுங்க.

இப்போ நிஜமாவே பாஸ் பண்ற வீட்டு வைத்தியம்: எண்ணெய். ஆனா போடுற விதம் முக்கியம். 1952ல இர்வின் ப்ளாங்க்னு ஒரு விஞ்ஞானி காய்ச்சுப்போன பாதத் தோல் துண்டுகளைக் காயவெச்சு, சிலதை எண்ணெயில போட்டார். அது விறைப்பாவே இருந்தது. தண்ணி ஏறினதும்தான் வளைஞ்சு கொடுத்தது. மேல்தோலை மிருதுவாக்குறது தண்ணி. எண்ணெய் அந்தத் தண்ணி ஓடிப் போகாம மூடி வைக்கிற மூடி. அதனால குளிச்சு முடிச்சு, துண்டால ஒத்தி எடுத்து, ஈரம் இருக்கும்போதே கொஞ்சமா தேங்காய் எண்ணெய். 2004ல பிலிப்பைன்ஸ்ல வறண்ட தோல்காரங்களுக்குத் தேங்காய் எண்ணெயையும் மினரல் ஆயிலையும் கொடுத்துப் பார்த்தாங்க. ரெண்டும் சமமா வேலை செஞ்சது. காய்ஞ்சதால தெரியுற மெல்லிய கோடுங்க இதுல நிஜமாவே மறையும். பரு வர்ற ஆளுங்க மட்டும் முகத்துல தடவாதீங்க, துவாரம் அடைச்சுக்கும்.

பூசுறது போதும், சாப்பிடுறது? ஆம்பூர்ல ஆட்டுக்கால் பாயா சாப்பிடுறவங்க எல்லாம் "கொலாஜன்தான் தம்பி!"ங்கிறாங்க. நிஜம்தான், பாயாவோட பிசுபிசுப்பு கொலாஜன் வெந்து ஜெலட்டின் ஆனது. ஆனா வயித்துக்குப் போனா அதுவும் துண்டு துண்டா வெட்டப்படுற ஒரு புரதம். நேரா கன்னத்துக்குப் போக அதுக்கு அட்ரஸ் தெரியாது. டப்பாவுல வர்ற கொலாஜன் பவுடருக்கு 2025ல 23 ஆய்வுகளை ஒண்ணாச் சேர்த்துப் பார்த்தாங்க. மொத்தமாப் பார்த்தா பலன் தெரிஞ்சது. கம்பெனிக்காரங்க பணம் போடாத ஆய்வுகளை மட்டும் பிரிச்சுப் பார்த்தா, காணோம்! மாட்டுத்தோல்ல கழிச்சு விடுற துண்டுல இருந்தும் ஜெலட்டின், கொலாஜன் எல்லாம் எடுக்கிறாங்க. நம்ம தெருவுல கழிவா போற சரக்கு ஆயிரக்கணக்குல விலை போட்டுத் திரும்பி வருதுன்னா, தொழிலதிபர் யாருன்னு யோசிங்க.

நெல்லிக்காய் மட்டும் தின்னா பலன் உண்டு. கொலாஜனோட மூணு சங்கிலியும் ஒழுங்கா முறுக்கி நிக்க உடம்புக்கு வைட்டமின் சி கட்டாயம் வேணும். அது சுத்தமா இல்லாமப் போனா வர்றதுதான் ஸ்கர்வி. ஒரு பெரிய நெல்லிக்காய் ஒரு நாள் தேவைக்குப் போதும். மூஞ்சியில தேய்க்காம உப்பு மிளகாய்த்தூள் தொட்டுக் கடிங்க.

அப்போ கீழ்வீட்டைக் கெடுக்கிறது யார்? பப்பாளியை விடாத அந்தச் சுவர், யுவிஏ கதிரை விட்டுடுது. அது டெர்மிஸ் வரைக்கும் போய், கொலாஜனை வெட்டுற என்சைம்களைக் கிளப்பி விடுது. ஜன்னல் கண்ணாடியும் அதை முழுசாத் தடுக்காது. 2012ல ஒரு அமெரிக்க மருத்துவப் பத்திரிகையில ஒரு லாரி டிரைவர் போட்டோ வந்தது. வயசு 69. 28 வருஷம் டெலிவரி லாரி ஓட்டினவர். முகத்தோட வலது பாதி ஒரு வயசு, ஜன்னல் பக்கம் இருந்த இடது பாதி அதைவிட பல வருஷம் கிழடு. ஒரே ஆள், ஒரே சாப்பாடு, ஒரே சோப்பு. வித்தியாசம் வெயில் மட்டும்தான். நம்ம ஊர்ல டிரைவர் சீட் வலது பக்கம். சென்னை-பெங்களூரு ரோட்ல ஓட்டுற சீனியர் டிரைவர் யாரையாவது பார்த்தா வலது கன்னத்தைக் கவனிச்சுப் பாருங்க.

தடுத்தா பலன் உண்டாங்கிறதுக்கும் பதில் இருக்கு. ஆஸ்திரேலியாவுல நம்பூர்னு ஒரு ஊரு (நம்ம ஊர் மாதிரியே பேரு!). அங்க 55 வயசுக்குக் கீழ 903 பேர். ஒரு கோஷ்டி தினமும் சன்ஸ்க்ரீன், இன்னொரு கோஷ்டி இஷ்டத்துக்கு. நாலரை வருஷம். 2013ல ரிசல்ட் வந்தது: தினமும் போட்டவங்க தோல்ல முதுமை அடையாளம் 24 சதவீதம் குறைவு. என் நோட்டுல இருக்கிற எந்த மாவுக்கும் இப்படி ஒரு மார்க் ஷீட் கிடையாது. முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து ரெண்டு விரல் நீளம் பிதுக்கினாதான் அளவு சரி. பொட்டு மாதிரி வெச்சா புண்ணியம் இல்ல. காசு இல்லையா? குடை, தொப்பி, ஸ்கூட்டியில போற பொண்ணுங்க கட்டுற துப்பட்டா. அந்த 'கொள்ளைக்காரி' கெட்டப்பைக் கிண்டல் பண்ற பசங்களே, நாற்பது வயசுல அவங்க சிரிப்பாங்க.

மெடிக்கல் ஷாப் மேட்டர் ஒண்ணு. கற்றாழை ஜெல்லோட ஏதோ ஒரு ட்யூப் க்ரீமைக் கலந்து அதுக்கும் 'வீட்டு வைத்தியம்'னு பேர் வைக்கிறாங்க. பல ட்யூப்ல ஸ்டீராய்டு இருக்கு. முதல் வாரம் பளபளப்பு, அப்புறம் தோல் மெலிஞ்சு சிவந்து, நிறுத்தினா எரிஞ்சு, வேண்டாத இடத்துல முடி. 2018ல மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு கொண்டு வந்தது. சீட்டு கேக்காத கடைக்கு நம்ம ஊர்ல பஞ்சமா? சுருக்கத்துக்கு நிஜமாவே வேலை செய்யுதுன்னு 1980கள்ல இருந்து ஆதாரம் உள்ள மருந்து ட்ரெட்டினாயின். ஆனா அதுவும் டாக்டர் சொல்லி, ராத்திரியில மட்டும். கர்ப்பமா இருக்கிறவங்க தொடவே கூடாது. லேபிள் இல்லாத டப்பா க்ரீம்னா அந்தப் பக்கமே போகாதீங்க. கேரளாவுல கோட்டக்கல் ஆஸ்பத்திரியில 2021 முதல் 2023 வரைக்கும் ஒருவகை கிட்னி நோயோட வந்தவங்கள்ல 13 பேர் சிவப்பழகு க்ரீம் போட்டவங்க. அந்த மாதிரி க்ரீம்கள்ல வில்லன் பாதரசம்.

நோட்டோட கடைசிப் பக்கத்துல இருந்தது பேக்கே இல்ல, ஒரு கேள்வி. ஒரு ஜூனியர் தனியா கூப்பிட்டுக் கேட்டான். கையில வெளிறின ஒரு தேமல், ஆறு மாசமா குப்பைமேனி அரைச்சுப் போடுறான், போகல. தொட்டா உணர்ச்சி இருக்கான்னு கேட்டேன். "கொஞ்சம் கம்மியாத்தான் இருக்குண்ணா"ன்னான். மக்களே, உணர்ச்சி குறைஞ்ச தேமலுக்கு எந்த இலையும் அரைக்காதீங்க. அது தொழுநோயோட ஆரம்பமா இருக்கலாம். பயப்பட ஒண்ணும் இல்ல. கூட்டு மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்துலயே இலவசம். சீக்கிரம் ஆரம்பிச்சா முழுசா குணமாகும். தள்ளிப் போட்டா நரம்பு போகும், விரல் மடங்கும். இதுக்குன்னே 1955ல இருந்து ஒரு ஆராய்ச்சி ஆஸ்பத்திரி நம்ம காட்பாடி பக்கம் கரிகிரியில இருக்கு. திங்கட்கிழமை காலையில முதல் ரெண்டு பீரியடுக்கு லீவு சொல்லிட்டு அவனை நான் கூட்டிட்டுப் போறேன்.

அடுத்த வாரம் தலைமுடி. சின்ன வெங்காயச் சாறு ஊத்திக்கிட்டு கிளாஸுக்கு வர்ற புண்ணியவான்கள் கடைசி பெஞ்சுல உட்காரவும்!